மஞ்சள் எம்.ஜி.பி., சிவப்பு ரி.ஆர். சிக்ஸ்

"நாங்கள் ரெண்டு பேர்தானே. ஐஞ்சு பேர் இருக்கிற காரை ஏன் கொண்டு திரியிறம்?"

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டின் சமையலறை வாசலில் நின்று என் கணவர் இப்படிக் கேட்டார். கையில் பழைய கார் விளம்பரங்கள் மட்டுமே வரும் ஒரு பத்திரிகை. மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

கல்யாணம் முடித்துப் பல வருடங்கள். பிள்ளை இல்லை. முந்திய இலையுதிர்காலத்தில் டொக்டர் எங்கள் இருவரையும் முன்னால் இருத்தி, இனி மருந்து ஊசி என்று உடம்பை வருத்துவதில் பயனில்லை என்று சொல்லியிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் இவர் தேநீர் வாங்கித் தந்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் கதவு பாதி திறந்தபடி இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். இப்போது இவர் இரண்டு சீற் கார் வாங்கப் போகிறாராம்.

"மழை பெய்தா என்ன செய்யிறது?" என்றுதான் கேட்டேன்.

"மேல துணிக் கூரை இருக்குத்தானே."

"ஸ்னோ?"

"விண்டருக்கு அது நித்திரை கொள்ளும். எங்கட பழைய கார் இருக்கு."

ஆக, பழைய காரை விற்கப் போவதில்லை. அதில் கொஞ்சம் ஆறுதல் வந்தது. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

நான் அப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் விபத்து அறிக்கைகளை ரைப் செய்யும் வேலையில் இருந்தேன். காலையில் போய் இருந்தால் பின்னேரம்வரைக்கும் எனக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் மோதும், உருளும், பள்ளத்தில் இறங்கும். கூரையில்லாத கார் உருண்டால் என்ன ஆகும் என்பதை நான் என் விரல்களாலேயே எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அதிலே வருகிற சொற்கள் வீட்டுக்கும் கூட வரும். இவர் ஒஷாவாவில் பம்பர் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வர ஒரு பத்து நிமிடம் பிந்தினாலும் எந்த வளைவு, எந்த லொறி என்று என் தலைக்குள் ஒரு அறிக்கை தொடங்கிவிடும்.

அக்காவுக்குப் போனில் சொன்னேன். டொக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது.

"ரெண்டு சீற்றோ? உங்கட மனுசனுக்கு விசரே? நாளைக்கு ஒண்டு பிறந்தா எங்க இருத்துவியள், பொனற்றுக்கு மேலயோ?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கையை அதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

இவர் இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று எம்.ஜி.பி., றிச்மண்ட் ஹில்லில். மற்றது ரி.ஆர். சிக்ஸ், விட்பியில். இரண்டுமே இங்கிலாந்துக் கார்கள், இரண்டுமே எழுபதுகளின் தொடக்கத்தில் செய்தவை. லைப்ரரியிலிருந்து கட்டுக் கட்டாகப் பழைய கார்ச் சஞ்சிகைகளைக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் எனக்கு விளங்கப்படுத்தினார். கேட்கக் கேட்க எனக்கும் கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது.

"எம்.ஜி.பி. நாலு சிலிண்டர். எங்கட ஊரில ஹயருக்கு ஓடின கேம்பிறிட்ஜ் கார் இருந்ததெல்லே, அந்த இன்ஜினும் இதுகும் ஒரே குடும்பம். மண்ணெண்ணெய் ஊத்தினாலும் முனகிக்கொண்டு ஓடும். இதில கீழ சேசிஸ் எண்டு தனிச் சட்டம் இல்லை. கார்க்கூடே சேசிஸ். கதவுக்குக் கீழ பெட்டி மாதிரி நீளமா ஒரு தகடு ஓடும். அதில துரு பிடிச்சுதெண்டா காரே நடுவில மடங்கிப் போகும்."

"மடங்கிறதோ?"

"சும்மா சொல்லுறன். உடனை மடங்காது."

"மற்றது?"

மற்றதைப் பற்றிப் பேசும்போது இவருடைய குரல் மாறியது. பெண் பார்த்துவிட்டு வந்த பெடியன் மாதிரி. "ரி.ஆர். சிக்ஸ் ஆறு சிலிண்டர். ரெண்டரை லீற்றர். தனிச் சேசிஸ். பின்சில்லு ரெண்டும் தனித்தனியா ஆடும். அந்தச் சத்தம்..." என்று சொல்லி நிறுத்தி, சோற்றைப் பிசைந்தார். "அதுக்குத் துரு எங்கயெண்டா, பின்சில்லைத் தாங்கிற கை சேசிஸில பூட்டுற இடத்தில. கீழ படுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அதில துரு பிடிச்சா?"

"பின்சில்லு தன்ர பாட்டுக்குப் போகப் பார்க்கும்."

நான் எழுந்து தட்டுகளை எடுத்தேன்.

ஒரு மே மாதச் சனிக்கிழமை முதலில் றிச்மண்ட் ஹில்லுக்குப் போனோம். வழியில் பிள்ளையார் கோயிலில் நிறுத்தச் சொன்னேன். உள்ளே போய்க் கும்பிட்டபோது எதைக் கேட்பது என்று தெரியவில்லை. நல்ல கார் அமைய வேண்டுமென்றா, அமையக் கூடாதென்றா? வாயில் ஒன்றும் வராமலே திருநீறு பூசிக்கொண்டு வந்தேன்.

எம்.ஜி.பி.யின் சொந்தக்காரி ஒரு நேர்ஸ். நாற்பது வயதிருக்கும், உயரமான பெண். மேற்குக் கரைக்கு வேலை மாறிப் போகிறாளாம், அதனால் விற்கிறாள். கராஜ் கதவைத் தூக்கியதும் உள்ளே மாம்பழ மஞ்சளில் அது நின்றது. குரோம் பம்பர். நான் நினைத்ததைவிடச் சின்னது. அதன் கதவின் மேல் விளிம்பு என் இடுப்புக்குத்தான் வந்தது. லொறிச் சாரதிக்கு இது கண்ணில் படவே படாது என்று நினைத்தேன்.

இவர் பொனற்றைத் தூக்கி உள்ளே பார்த்தார். பச்சைப் பெயின்ற் அடித்த இன்ஜின். "பார்த்தீரே, அவன்தான்," என்றார் என்னிடம், வழியில் பழைய கூட்டாளியைக் கண்டவர்போல. பிறகு தன் ஜக்கை எடுத்துக் காரின் ஒரு பக்கத்தைத் தூக்கி, தூக்கியபடியே கதவைத் திறந்து மூடினார். கதவு இலகுவாகத் திறந்தது, இலகுவாக மூடியது. கீழ்த்தகடு உக்கியிருந்தால் கூடு தொய்ந்து கதவு இறுகிவிடுமாம். நேர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பனிக்காலத்தில் தான் இதை வெளியே எடுத்ததேயில்லை, றோட்டில் போடும் உப்பு பட்டதேயில்லை என்றாள்.

என்னை ஏற்றிக்கொண்டு இவர் அந்தத் தெருக்களில் ஒரு சுற்று ஓட்டினார். சீற்றில் இருந்தால் நிலத்தில் இருப்பதுபோல இருந்தது. கையை நீட்டினால் றோட்டைத் தொடலாம். குழியில் விழுந்தபோது முழுக்காரும் ஒரே துண்டாகக் குதித்தது. பின்பக்கம் பழைய மாட்டுவண்டி மாதிரி வில்லுத்தகடுகளாம், அதனால்தானாம். நான் ஒரு கையால் கதவையும் மறுகையால் தலைமயிரையும் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த இன்ஜின் பதறவில்லை. ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்துகொண்டு ஓடியது. ஒரு சிக்னலில் நின்றபோது, பக்கத்து வானிலிருந்த கிழவி எங்களைப் பார்த்துக் கை காட்டினாள். நான் கதவிலிருந்து கையை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். பிறகு மறுபடி கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை," என்றேன். அது என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

நேர்ஸிடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்தோம். இவருக்கு மற்றதைப் பார்க்காமல் முடியாது.

அடுத்த நாள் விட்பி. புதுவீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த தெருக்களைத் தாண்டி, பழைய பகுதியில் பெரிய மேப்பிள் மரங்களுக்குக் கீழே ஒரு செங்கல் வீடு. வயதான தம்பதி. அவர் ஸ்கொட்லாந்திலிருந்து இளவயதில் வந்தவர், இப்போது எழுபது தாண்டியிருக்கும். சிவந்த முகம், கம்பளித் தொப்பி. மனைவி மெலிந்தவர், முழங்கைவரை மடித்த சட்டை, கையில் தோட்டத்து மண்.

கார் வாசலிலேயே, கூரையை மடித்தபடி நின்றது. சிவப்பு. எம்.ஜி.பி. வளைவும் நெளிவுமாக இருந்தது என்றால் இது தோளை அகட்டி நின்றது. முகப்பில் மரப்பலகை, அதில் வட்ட வட்டமாக மீற்றர்கள். அவர் திறப்பைத் திருப்பியதும் சத்தம் என் நெஞ்செலும்பில் வந்து நின்றது. கோயில் மேளக்காரருக்குப் பக்கத்தில் நிற்கும்போது அப்படி இருக்கும். நான் இவரைப் பார்த்தேன். பார்த்தவுடன் விளங்கிவிட்டது, றிச்மண்ட் ஹில் மஞ்சள் முடிந்த கதை.

முதலில் தான் ஓட்டிக் காட்டுவதாகவும், பிறகு பாதி வழியில் இவரிடம் தருவதாகவும் அந்த அங்கிள் சொன்னார். இரண்டே சீற். நான் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

"கெதியா வாறம்," என்றார் இவர். "வடக்குப் பக்கம் தோட்டங்களுக்குள்ளால ஒரு சுத்து."

"கவனம். அவர் வேகமா ஓட்டுற ஆள் போலக் கிடக்கு."

"நீர் உள்ள போய் ரீயைக் குடியும்."

அவர்கள் போனார்கள். முடுக்கியபோது காரின் பின்பக்கம் குந்தி, மூக்கு மேலே எழும்பியதைப் பார்த்தேன். சத்தம் தெரு முனையில் திரும்பி, வெகுநேரம் தேய்ந்துகொண்டே போனது.

அந்த அம்மா எனக்குத் தேநீரும் ஒருவகைக் காய்ந்த கேக்கும் தந்தார். சமையலறை ஜன்னலால் வாசல் தெரியும். நான் ஜன்னலைப் பார்க்கிற கதிரையில் இருந்தேன். எங்கிருந்து வந்தீர்கள், குளிர் பழகிவிட்டதா, என்ன வேலை என்று கேட்டார். விபத்து அறிக்கை ரைப் செய்கிறேன் என்று சொல்லவில்லை. ஒஃபிஸில் வேலை என்றேன். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எங்களுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். வேறொன்றும் சொல்லவில்லை. நம்முடைய ஆட்கள் என்றால் உடனே ஒரு கோயில், ஒரு விரதம், ஒரு டொக்டர் சொல்லுவார்கள். நான் தேவைக்கு மேலே சர்க்கரை போட்டுக் குடித்தேன்.

தேநீர் முடிந்தது. இரண்டாவது கோப்பையும் முடிந்தது. தெருவில் கார்கள் வந்தன, எதிலும் அந்தச் சத்தம் இல்லை.

"கதை தொடங்கினால் அவர் நிறுத்த மாட்டார்," என்றார் அம்மா. "எங்காவது மறித்து நின்று இன்ஜினைக் காட்டிக்கொண்டிருப்பார்."

நான் தலையாட்டினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து போய் சிங்க்கில் ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினார். பிறகு வாசலுக்குப் போய் நின்றார். நானும் பின்னால் போனேன். வடக்கே வானம் கறுத்திருந்தது.

வானத்தைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "உண்மையில் அவர் ஓட்டக் கூடாது."

எனக்கு முதலில் ஆங்கிலம் பிழையாகக் கேட்டுவிட்டதோ என்றிருந்தது. திருப்பிக் கேட்டேன்.

நெஞ்சில் ஏதோ துடிப்புப் பிழையாம். இனிமேல் கார் ஓட்டவே வேண்டாம் என்று டொக்டர் இந்த வசந்தத்தில் சொல்லிவிட்டாராம். அதனால்தான் விற்கிறார்கள். கடைசியாக ஒரு தரம் தானே ஓட்டிக் காட்டுவேன் என்று காலையில் பிடிவாதம் பிடித்தாராம். "உங்கள் கணவரிடம் உடனே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு பயமும் வந்ததால் கோபத்துக்குக் காலூன்ற இடமிருக்கவில்லை. ஊரில் ஆள் வெளியே போய்த் திரும்பாமல் இருந்த நாட்களில் வாசலில் நின்ற பழக்கம் எனக்கு உண்டு. அந்த நிலையில் என்ன செய்வதென்று என் உடம்புக்குத் தெரியும். அசையாமல் நிற்க வேண்டும், கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படியே நின்றேன். ஆனால் தலைக்குள்ளே ரைப்ரைற்றர் அடிக்கத் தொடங்கிவிட்டது: சிவப்பு நிறத் திறந்த வாகனம், இரு பயணிகள், வலப்பக்க மண்தரை, மின்கம்பம்.

உள்ளே போன் அடித்தது.

அவர் ஓடினார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் ஆம் ஆம் என்பது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போனபோது கதிரையில் இருந்தார். றிசீவரை என்னிடம் நீட்டினார். என்னிடம் நீட்டினால் என்ன அர்த்தம்? என்னுடைய ஆளுக்குத்தான் ஏதோ என்றுதானே அர்த்தம்? அதைக் காதில் வைப்பதற்கு முன் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

"நான்தான்," என்றது இவருடைய குரல். "இஞ்சை, எனக்கு ஒண்டுமில்லை. கேக்குதே?"

"ஓம்."

"அங்கிளுக்குத்தான் சுகமில்லாமப் போட்டுது. ஒஷாவா ஹொஸ்பிற்றல்ல நிக்கிறன். உள்ள கொண்டு போட்டினம். ஆள் கதைச்சவர். அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"நானோ?"

"வேற ஆர்?"

எனக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனால் நான் ஓட்டுவது கடைக்கும் வேலைக்கும் மட்டும். தெரியாத ஊரில், தெரியாத றோட்டில், பயந்துபோயிருக்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியதில்லை.

"ஹைவேயில ஏறமாட்டன்," என்றேன்.

"ஏற வேண்டாம். உள்றோட்டால நேர கிழக்க. அன்ரிக்கு வழி தெரியும். ஆறுதலா வாரும்."

எங்கள் சாம்பல் நிறக் காரில் அம்மாவை ஏற்றினேன். பின்சீற்றில் கிடந்த அரிசி மூட்டையைப் பார்த்து அவர் தன் கைப்பையை அதற்குப் பக்கத்தில் வைத்தார். வழி முழுவதும் நான் ஸ்ரெயறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் இடது, நேரே, இந்த வெளிச்சத்தில் நில் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அழவில்லை. நான் ஒரு சிவப்பு விளக்கைக் கடைசி நேரத்தில் கண்டு பிறேக்கை மிதித்தபோது, தன் கையை எடுத்து என் முன்னால் குறுக்கே நீட்டினார். என் அம்மாவும் பஸ்ஸில் அப்படித்தான் நீட்டுவார். மழை தூறத் தொடங்கியது. வைப்பரைப் போட வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை, அவர்தான் சொன்னார்.

ஹொஸ்பிற்றல் அவசரப் பிரிவு வாசலில், அம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், சிவப்புக் கார் கோணலாக நின்றது. கூரை திறந்தபடி. சீற்றெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. இவர் வாசல் கதவடியில் நின்றார். சேட்டில் பெரிய ஈரத்திட்டு. அது வியர்வை என்று பிறகு தெரிந்தது. அம்மாவைக் கண்டதும் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நான் எங்கள் காரை நிறுத்திவிட்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சிவப்புக் காரின் துணிக் கூரையை இழுத்துப் பார்த்தேன். இவர் திரும்பி வந்து மற்றப் பக்கம் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்து, கண்ணாடிச் சட்டத்தில் கொளுவினோம். உள்ளே ஏறி இருந்தோம். மழை துணியில் விழுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் இவர் நடந்ததைச் சொன்னார்.

"நல்லாத்தான் ஓட்டினவர். தோட்டங்கள் தாண்டி ஒரு மேட்டில ஏறேக்க கதை நிண்டுட்டுது. திரும்பிப் பார்த்தா முகம் கடதாசி மாதிரி. ஆனா மனுசன் காரை ஓரங்கட்டி, கியரை நியூற்றல்ல போட்டு, பிறேக்கும் போட்டிட்டுத்தான் சரிஞ்சவர். ஒரு வீடுமில்லை. ஒரு பிக்கப் வந்தது, கையைக் காட்டினன், நிக்கேல்லை. பிறகு நான் அவரை அணைச்சு, காரைச் சுத்தி நடத்தி, இந்தப் பக்கம் இருத்தினன்."

"உங்களுக்கு இந்தக் கார் ஓடப் பழக்கமில்லையே."

"கிளச் கல்லு மாதிரி. பின்பக்கம் ஒவ்வொரு வளைவிலயும் ஒரு பக்கம் இழுத்தது. கீழ துருதான், பார்க்காமலே தெரியும். எங்கட பக்ரறிக்குப் போற வழி எண்டபடியா ஹொஸ்பிற்றல் எங்கயெண்டு தெரியும். அது மட்டுந்தான் நல்ல காலம்." கையைப் பார்த்தார். கியர் பிடித்த விரல்களை விரித்து மடக்கினார். "அவர் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, இப்ப மூண்டாம் கியர், இப்ப ரெண்டு எண்டு சொல்லிக்கொண்டே வந்தவர்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த ஈரக் காருக்குள், தோளோடு தோள் இடிக்க, வேறெங்கும் பார்க்க இடமில்லாமல் இருந்ததால்தானோ என்னவோ, பல மாதமாக வராத சொல் வந்தது.

"நாங்கள் ரெண்டு பேர்தானே எண்டு சொன்னியளே. அண்டைக்கு எனக்கு எப்பிடி இருந்தது தெரியுமே? நீங்கள் எல்லாத்தையும் முடிச்சிட்டியள் எண்டு நினைச்சன்."

அவர் முகப்பு மரப்பலகையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார்.

"முடிஞ்சதுதானே," என்றார் கடைசியில். "எனக்கும் கவலைதான். நான் சொன்னா நீர் அழுவீர் எண்டு சொல்லேல்லை. அந்தப் பின்சீற்றை ஒவ்வொரு நாளும் கண்ணாடியில பார்த்துக்கொண்டு ஒஷாவாக்குப் போய் வாறது நான்தானே."

நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. அவருக்குக் கார்ப் பைத்தியம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவருடைய நனைந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். காவலாளி வந்து கண்ணாடியில் தட்டி, இது அம்புலன்ஸ் இடம், காரை எடுங்கள் என்றான்.

அங்கிள் பிழைத்துக்கொண்டார். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவியைப் பதித்து வீட்டுக்கு விட்டார்கள். அதற்கு முன் ஹொஸ்பிற்றலில் நாங்கள் பார்க்கப் போனபோது கட்டிலில் நிமிர்ந்து இருந்து, இவரைக் கண்டவுடன் முதலில் கேட்டது காரைப் பற்றி.

"எப்படி ஓடியது?"

இவர் ஒளிக்கவில்லை. இன்ஜின் அருமை, அந்த இழுவையை மறக்க முடியாது, ஆனால் பின்கை பூட்டுகிற இடத்தில் சேசிஸ் போயிருக்கிறது என்றார். அங்கிள் அதை ஏற்கவில்லை. அந்த இடத்தில் தான் ஏற்கெனவே வெல்ட் வைத்ததாகச் சொன்னார். எப்போது என்று இவர் கேட்டார். அங்கிள் கூரையைப் பார்த்தார். எம்.ஜி.பி. வாங்கலாமென்று யோசிப்பதாக இவர் சொன்னதும் அவருடைய வெளிறிய முகத்துக்கு நிறம் திரும்பிவிட்டது. அது கணக்குப்பிள்ளை ஓட்டுகிற கார், மேட்டில் தள்ள வேண்டும், பின்னச்சு பீரங்கி வண்டிக்குச் செய்தது என்றார். இவர் அதன் கீழ்த்தகடு நேராக இருக்கிறது, எந்தத் துண்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஒரு ஸ்பானரோடு றோட்டோரத்திலேயே திருத்தலாம் என்றார். இருவரும் குரல் உயர்த்த, நேர்ஸ் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தாள். அன்ரி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

சிவப்பு ரி.ஆர். சிக்ஸை வேறொருவர் வாங்கி, கூட்டைக் கழற்றிச் சேசிஸை முழுவதும் மாற்றினாராம். அப்படிச் செய்ய இடமும் பொறுமையும் உள்ளவருக்கு அது கிடைத்தது சரிதான். இன்றைக்கும் யாராவது இரண்டில் எது நல்லது என்று கேட்டால், என் கணவர் சத்தத்துக்கு ஒன்று, சீவியத்துக்கு ஒன்று என்பார். என்னைக் கேட்டால் ஜக் வைத்துக் கதவைத் திறந்து பாருங்கள், கீழே படுத்துப் பாருங்கள், பிறகு காதுக்கு வேலை கொடுங்கள் என்பேன்.

றிச்மண்ட் ஹில் நேர்ஸுக்குப் போன் எடுத்தது நான்தான். விற்றிருப்பாள் என்ற பயத்தில் இலக்கங்களை இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். அவள் விற்கவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன், நாளைக்கே வாருங்கள் என்றாள்.

அந்தக் கோடையில் மஞ்சள் எம்.ஜி.பி. எங்களை இரண்டு தரம் நடுவழியில் இறக்கிவிட்டது. இரண்டு தரமும் இன்ஜினுக்குப் பெற்றோல் தள்ளுகிற பம்ப்தான் நின்றுபோனது. சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டினால் மறுபடி டக்டக்கென்று தொடங்கும். அந்தப் பம்ப் என் சீற்றுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே தட்டுகிற வேலை எனக்கு. அக்கா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்கு முதல் நாள் டொக்டர் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் பிள்ளைகள் முறை வைத்து என் சீற்றில் ஏறிச் சுற்றினார்கள்.

அதன் பிறகு பயமிருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இவர் வெயில் நாட்களில் மஞ்சள் காரில் ஒஷாவாவுக்குப் போய்விட்டால், வேலை முடிகிற நேரத்துக்கு நான் பல்கனியில் நிற்பேன். ஆறாம் மாடி. கீழே றோட்டில் நூறு கார்கள் போகும். அவற்றில் எது எங்களுடையது என்று கண்ணால் தேட வேண்டியதில்லை, சந்தியில் திரும்பும்போதே அந்த நாலு சிலிண்டர் உறுமல் மேலே வந்துவிடும். அது கேட்டதும் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன்.